காட்டுக்குப் போய் வந்தால் தோலெல்லாம் கொப்புளம்: பறவை பார்ப்பதை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: டொக்டர், நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன், வயது 36. இரண்டு வருடமாக ஒரு சிறு குழுவோடு ஞாயிறு காலையில் பறவை பார்க்கப் போகிறேன். வழக்கமாகத் தலங்கம, பெத்தகான பக்கம்தான். போன மாதம் முதன்முறையாக இங்கிரியவுக்குப் பக்கத்தில் உள்ள போதினாகல காட்டுக்குப் போனோம். ஏற்றத்தில் கால் வழுக்கியபோது ஒரு இளமரத்தைப் பிடித்தேன், அதன் கிளை முறிந்துவிட்டது. அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. செவ்வாய் இரவு வலது முன்கையில் கோடு கோடாகக் கடி தொடங்கியது. வியாழன் கொப்புளம். பிறகு கழுத்து, அதற்குப் பிறகு கண் இமை. அம்மா தேசிக்காய்ப் புளி தேய்த்துவிட்டு மஞ்சள் பூசினார். அடுத்த நாள் அப்படியே பிள்ளையின் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்குப் போய் வெயிலில் நின்றேன். பாமசியில் ஒரு ட்யூபும் மூன்று நாளைக்குக் குளிசையும் தந்தார்கள். சுகமாகிய மாதிரி இருந்தது, குளிசை முடிந்ததும் முன்னைவிட மோசமாக வந்தது. ஒருமாதிரி ஆறிய பிறகு போன ஞாயிறு தலங்கம போனேன். அங்கே எந்தச் செடியையும் தொடவில்லை. ஆனால் திங்கள் இரவே கழுத்தில் திரும்பவும் அரிப்பு. இணையத்தில் தேடினால் எல்லாரும் 'பொய்சன் ஐவி' என்கிறார்கள். அது இங்கே இருக்கிறதா? ஏழு வயது மகளுக்குத் தொற்றுமா? 'இரத்தத்தில் பிழை இருக்கும், இனி காட்டுப் பக்கம் போகாதே' என்கிறார் கணவர். இன்னொன்று, சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் மாங்காய் பறித்துக் கடித்தால் எனக்கு வாயோரம் புண்ணாகும். அன்று போட்டிருந்த சேட்டின் கையிலும் கறுப்பாக ஒரு கறை, எத்தனை தடவை தோய்த்தும் போகவில்லை.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

மாங்காயையும் சேட்டுக் கறையையும் கடிதத்தின் முடிவில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கதை விளங்கியது அந்த இரண்டு வரியில்தான். கடிதத்தை மட்டும் வைத்து நூறு வீதம் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் என் முன்னால் இருந்து இதையே சொல்லியிருந்தால் நான் வேறு எதையும் பெரிதாகத் தேடியிருக்க மாட்டேன்.

பொய்சன் ஐவி இலங்கையில் வளர்வதில்லை. வட அமெரிக்கர்கள் அதைப் பற்றி நிறைய எழுதுவதால் இணையத்தில் எதைத் தேடினாலும் அதுதான் முன்னுக்கு வரும். அதன் சொந்தக்காரர்கள் நம் நாட்டில் நிறையப் பேர் இருக்கிறார்கள். மாமரம் அந்தக் குடும்பம். கஜு மரமும் அந்தக் குடும்பம்தான். ஈரவலயக் காடுகளில் சிங்களவர்கள் 'பதுள்ள' என்று சொல்கிற மரமும் அதே குடும்பம். இது சேங்கொட்டை இனத்தைச் சேர்ந்தது. இந்த இனத்தில் இலங்கையில் பல வகைகள் உண்டு, அவற்றில் பெரும்பாலானவை உலகில் வேறு எங்கும் வளராதவை. சிங்கராஜ போன்ற காடுகளிலும், கொழும்பிலிருந்து ஒரு மணித்தியால ஓட்டத்தில் மிஞ்சியிருக்கிற சிறு ஈரக்காடுகளிலும் நடந்து திரிபவர்கள் இந்த மரத்தைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

அதன் பாலுக்கு ஒரு குணம் உண்டு. முறிந்த இடத்தில் வடியும்போது பெரிதாக நிறம் இருக்காது. காற்றுப் பட்டதும் மெல்ல மெல்லக் கறுத்து, வார்னிஷ் பூசியது போல் ஆகிவிடும். துணியில் பட்டால் லேசில் போகாது. இந்தியாவில் சலவைத் தொழிலாளர்கள் யாருடைய துணி எது என்று அடையாளம் போடச் சேங்கொட்டைச் சாற்றைத்தான் மையாகப் பயன்படுத்தினார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே இருந்த வெளிநாட்டுச் சிப்பாய்களுக்குப் பிடரியில் விநோதமாகச் சிறு சிறு புண்கள் வந்தன. தேடிப் பார்த்தால், சட்டைக் கழுத்துப் பட்டியில் சலவைக்காரர் போட்ட குறி எங்கே இருந்ததோ அங்கேதான் புண்ணும் இருந்தது. உங்கள் சேட்டில் உள்ள கறையும் அப்படி ஒரு குறி என்றே நினைக்கிறேன். அந்தச் சேட்டை இனிப் போட வேண்டாம். ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி வையுங்கள்.

இனி மாங்காய்க்கு வருவோம். இந்த மரங்களின் பாலில் உருஷியோல் என்ற பிசின் எண்ணெயும் அதன் தம்பி தங்கைகள் போன்ற பொருட்களும் இருக்கின்றன. ஒன்றுக்கு ஒன்று சிறு வித்தியாசம்தான், நம் உடம்பால் பிரித்துப் பார்க்க முடியாது. சின்ன வயதில் வளவில் நின்ற கறுத்தக்கொழும்பானையோ அம்பலவியையோ பறித்துக் காம்போடு வாயில் வைத்தபோதே உங்கள் உடம்பு இந்தப் பாலை எதிரியாகக் குறித்து வைத்துக்கொண்டது. ஒருவருக்கு இந்த வகைப் பால் வாழ்க்கையில் முதன்முறையாகப் படும்போது புண் வரப் பத்து நாளோ அதற்கு மேலோ ஆகும். பலருக்கு முதல் தடவை ஒன்றுமே வராது. உங்களுக்கு இரண்டே நாளில் வந்திருக்கிறது. போதினாகலவில் நீங்கள் முதன்முறையாகத் தொட்டது மரத்தைத்தான், பால் உங்கள் உடம்புக்கு எப்போதோ தெரிந்ததுதான். ஆகவே இரத்தத்தில் பிழை ஒன்றும் இல்லை. கணவரிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். 'இரத்தம் சுத்தமாக' என்று சொல்லி எதையும் குடிக்கத் தேவையில்லை.

சரி, எந்தச் செடியையும் தொடாமல் தலங்கம போய் வந்ததற்கு ஏன் கழுத்தில் வந்தது?

உங்கள் பைனாகுலரை எடுத்து மேசையில் வைத்துப் பாருங்கள். கிளை முறிந்த அந்த நிமிடத்தில் உங்கள் வலது கையில் பால் இருந்தது. அதற்குப் பிறகு அந்தக் கையால் என்ன செய்தீர்கள்? வாரை இழுத்துச் சரிசெய்திருப்பீர்கள். பறவை பார்ப்பவர்கள் ஒரு காலைப் பொழுதில் எத்தனை முறை கழுத்து வாரில் கை வைக்கிறார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. பிறகு பைனாகுலரைத் தூக்கிக் கண்ணில் வைத்திருப்பீர்கள். கண்ணோடு பொருந்துகிற அந்த இறப்பர் வளையம் இமையிலும் கன்னத்தின் மேல் விளிம்பிலும்தான் போய் உட்காரும். முன்கைக்குப் பிறகு உங்களுக்குப் புண் வந்த இடங்கள் கழுத்தும் இமையும். வாரும் வளையமும் தொடும் அதே இரண்டு இடங்கள்.

இந்த எண்ணெய் காய்ந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. கழுவாத துணியிலும் கருவியிலும் மாதக் கணக்கில், சில வேளை வருடக் கணக்கில் அப்படியே இருக்கும். என்னிடம் வந்த ஓர் இளைஞருக்கு ஒவ்வொரு நீண்ட விடுமுறைக்குப் பிறகும் விரல் இடுக்குகளில் கொப்புளம் வரும். காட்டுக்குப் போனாலும் வரும், கடற்கரைக்குப் போனாலும் வரும். கடைசியில் பார்த்தால் கூடாரம் கட்டுகிற கயிறு. எப்போதோ ஒரு தடவை அதைப் பிழையான மரத்தில் சுற்றிக் கட்டியிருக்கிறார். கயிற்றை மாற்றினார், புண்ணும் நின்றது.

ஆகவே முதலில் சாமான்களைக் கழுவுங்கள். தடித்த சமையலறைக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சத்திரசிகிச்சைக்குப் போடுகிற மெல்லிய இறப்பர் கையுறை இந்த எண்ணெயைத் தடுக்காது. வாரைக் கழற்றி, பாத்திரம் கழுவும் திரவத்தில் ஊறவைத்துத் தேய்த்து, மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். வார் தோலால் ஆனது என்றால் புதிது வாங்கிவிடுவது நல்லது. இறப்பர் வளையத்தையும் பைனாகுலரின் உடம்பையும் அதே திரவம் தொட்ட ஈரத் துணியால் பல தடவை துடைத்தெடுங்கள். அப்புறம் தொலைபேசி உறை, சப்பாத்து நாடா, தொப்பி, முதுகுப் பையின் வார், தண்ணீர்ப் போத்தல். அன்றைக்குக் கார் ஓட்டிப் போயிருந்தால் ஸ்டியரிங்கும் கதவுக் கைப்பிடியும். உடுப்புகளை வீட்டாரின் உடுப்போடு சேர்க்காமல் தனியாக, சுடுதண்ணீரில் சலவைத்தூள் போட்டுத் தோயுங்கள்.

மகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொப்புளம் உடைந்து வடிகிற நீரில் மரத்தின் பால் இல்லை, அது உங்கள் உடம்பின் நீர். அது பட்டு இன்னொருவருக்குத் தொற்றாது, உங்கள் உடம்பிலேயே இன்னோர் இடத்துக்குப் பரவவும் செய்யாது. நாளுக்கு நாள் புதுப்புது இடங்களில் வருவதைப் பார்த்துத்தான் எல்லாரும் 'பரவுகிறது' என்று பயப்படுகிறார்கள். மெல்லிய தோலில் சீக்கிரமாகவும் தடித்த தோலில் பிந்தியும் வெளிப்படும். பால் கூடப் பட்ட இடம் முந்தும், குறையப் பட்ட இடம் பிந்தும். கழுவாத சாமானைத் திரும்பத் தொட்டால் புது இடங்களும் சேரும். ஆகவே பிள்ளையைத் தாராளமாக அணைத்துக்கொள்ளுங்கள். காட்டிலிருந்து வந்தவுடன் மட்டும் குளித்து உடுப்பு மாற்றிய பிறகு அணையுங்கள். பைனாகுலரைக் கழுவும் வரைக்கும் அவள் விளையாடக் கொடுக்க வேண்டாம்.

அடுத்தது தேசிக்காய். இதை அம்மாவின் மனம் நோகாதபடிதான் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் என் அம்மம்மாவும் எல்லாக் கடிக்கும் தேசிக்காய்தான் தேய்ப்பார். ஆனால் நம் வீடுகளில் தோலுக்குச் செய்கிற கைவைத்தியங்களில் நான் கட்டாயம் நிறுத்தச் சொல்வது இதைத்தான். தேசிக்காயில், குறிப்பாகத் தோலின் எண்ணெயில், வெயிலின் புற ஊதாக் கதிரைப் பிடித்துத் தோலைச் சுடுகிற பொருட்கள் உண்டு. புளி பட்ட தோலில் வெயில் பட்டால் ஒரு நாளிலிருந்து மூன்று நாளுக்குள் அந்த இடம் தீப்பட்டது போல் சிவந்து, சில வேளை கொப்பளித்து, பிறகு கறுத்துப் போகும். அந்தக் கறுப்பு மாதக் கணக்கில் நிற்கும். நம் நிறத் தோலில் இன்னும் நீண்ட நாள் நிற்கும். நீங்கள் புளியோடு விளையாட்டுப் போட்டியில் வெயிலில் நின்றிருக்கிறீர்கள். உங்கள் மணிக்கட்டுப் பக்கம் சாறு வழிந்த தடம் போல, சொட்டுச் சொட்டாகக் கபில நிறக் கோடுகள் இருந்தால் அது மரத்தின் வேலை இல்லை, தேசிக்காயின் வேலை. அதற்குக் களிம்பு தேவையில்லை. வெயில் படாமல் மூடி வைத்தால் தானாக மங்கும். வெளியே தேசிக்காய் பிழிந்து கை கழுவாமல் வெயிலில் நிற்கிற எல்லாருக்கும் இது வரலாம். சமைத்து முடிந்ததும் பிள்ளைகளின் முகத்தை அந்தக் கையால் தொட்டுவிடுகிறோம், பிறகு கன்னத்தில் விரல் அடையாளமாகக் கறுக்கிறது. மஞ்சள் அந்த அளவுக்குக் கெடுதல் இல்லை. என்றாலும் புண்ணின் நிறத்தை மறைத்துவிடும், வைத்தியருக்கு ஒன்றும் தெரியாது. சிலருக்கு மஞ்சளே ஒவ்வாது. உடைந்த கொப்புளத்தில் வேப்பிலை அரைத்துப் பூசுவதையும் தவிருங்கள்.

பாமசிக் குளிசையில் நடந்தது எனக்கு ஆச்சரியமாக இல்லை. அது பெரும்பாலும் பிரெட்னிசொலோன் என்ற ஸ்டீரொயிட்டாக இருந்திருக்கும். இந்தப் புண் முழுதாக அடங்க இரண்டு மூன்று கிழமை ஆகும். மூன்று நாள் மட்டும் ஸ்டீரொயிட் கொடுத்தால் நெருப்பின் மேல் சாக்கைப் போட்டு மூடியது போல. சாக்கை எடுத்ததும் திரும்ப எரியும். முகம், கண் எல்லாம் வீங்குகிற அளவுக்கு வந்தால் இந்தக் குளிசை தேவைதான், ஆனால் வைத்தியர் பார்த்து, சீனி, பிரஷர் எல்லாம் கேட்டு, இரண்டு மூன்று கிழமைக்கு மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். ட்யூபின் பெயரை நீங்கள் எழுதவில்லை. ஸ்டீரொயிட், பூஞ்சண மருந்து, நுண்ணுயிர் கொல்லி மூன்றும் கலந்த ட்யூபுகள் எல்லாப் பாமசியிலும் கிடைக்கின்றன. அப்படி ஒன்று என்றால் தூக்கி வைத்துவிடுங்கள். மூன்றில் இரண்டு உங்களுக்குத் தேவையே இல்லை. தேவையில்லாத மருந்துக்கும் தோல் தனியாக ஒவ்வாமை காட்டலாம். உங்களுக்கு ஓர் இமை வேறு பாதிக்கப்பட்டிருக்கிறது. கைக்குத் தருகிற பலமான ஸ்டீரொயிட்டை இமையில் பூசக் கூடாது, கண்ணுக்கு ஆபத்து.

இப்போது கழுத்தில் இருப்பதற்கு என்ன செய்யலாம் என்றால், குளிர்ந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியைப் பத்துப் பதினைந்து நிமிடம் வையுங்கள், ஒரு நாளைக்கு மூன்று நான்கு தடவை. கலமைன் லோஷன் பூசலாம். கொப்புளங்களைக் குத்த வேண்டாம், தானாக உடைந்தால் மூடியிருக்கிற தோலை உரிக்க வேண்டாம். சுடுதண்ணீர் அந்த நேரத்துக்குச் சுகமாக இருக்கும், பிறகு அரிப்பைக் கூட்டிவிடும். ஒவ்வாமைக் குளிசைகள் இந்த வகை அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. இரவில் நித்திரை வரச் செய்கிற பழைய வகை ஒன்று, நித்திரை வருகிறது என்பதற்காகவே உதவும். அதைப் போட்டால் அடுத்த நாள் காலை கவனம், வாகனம் ஓட்டாதீர்கள். மேலே பூசுகிற ஒவ்வாமை மருந்தும் மரத்துப்போகச் செய்கிற மருந்தும் வேண்டவே வேண்டாம். இரண்டு மூன்று நாளில் குறையாவிட்டால் தோல் வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய வைத்தியசாலையில் தோல் நோய்க்கான கிளினிக் இருக்கிறது. போகும்போது ட்யூபையும் குளிசை அட்டையையும் அந்தச் சேட்டையும் கொண்டுபோங்கள். மரத்தின் படம் தொலைபேசியில் இருந்தால் காட்டுங்கள். கிளையை மட்டும் ஒடித்துக்கொண்டு போக வேண்டாம், அப்படி ஒருவர் பேப்பரில் சுற்றி என் மேசையில் வைத்து, தாதிக்கும் எனக்கும் சேர்த்துக் கை கழுவ வேண்டியதாகப் போயிற்று.

உங்கள் குழுவில் உள்ள மற்றவர்களுக்கும் பயன்படும் என்பதால் ஒன்றைச் சற்று விரிவாக எழுதுகிறேன். காட்டிலோ வயலோரத்திலோ தோலில் ஏதாவது வந்தால் 'என்ன செடி' என்று தேடுவதற்கு முன் 'எவ்வளவு நேரத்தில் வந்தது' என்று பாருங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டாலும் பாதிப் பதில் அதில் இருக்கிறது.

பட்ட அந்த நொடியிலேயே சுரீர் என்றால் காஞ்சோண்டி மாதிரி ஒன்று. இலையிலும் தண்டிலும் உள்ள நுண்ணிய மயிர்கள் ஊசி போல் குத்தி உடைகின்றன. பெரும்பாலும் சில மணித்தியாலத்தில் அடங்கிவிடும். பூனைக்காலிக் காயின் பொன்னிறச் சுணையும் அப்படித்தான் உடனே அரிக்கும், ஆனால் பைத்தியம் பிடிக்கிற அரிப்பு. அந்தச் சுணையில் உள்ள நொதி நம் நரம்பை நேரடியாகத் தூண்டுகிறது, அதனால் ஒவ்வாமைக் குளிசை போட்டாலும் பெரிதாகக் கேட்காது. இரண்டுக்கும் முதல் வேலை ஒன்றுதான், தேய்க்காமல் இருப்பது. தேய்த்தால் சுணை இன்னும் உள்ளே போகும். ஒட்டுகிற பிளாஸ்டரையோ டேப்பையோ தோலில் ஒட்டி உரித்தெடுங்கள், நாலைந்து தடவை, ஒவ்வொரு தடவையும் புதுத் துண்டால். பிறகு கழுவலாம். மயிர்க்கொட்டி பட்டாலும் இதே முறைதான்.

சில நிமிடத்திலிருந்து சில மணித்தியாலத்துக்குள் எரிந்தால் எருக்கு, கள்ளி, தில்லை போன்றவற்றின் பால். இவை ஒவ்வாமையாக இல்லாமல் நேரடியாகத் தோலைப் புண்ணாக்குபவை, யாருக்கும் வரலாம். நீர்கொழும்புக் களப்பு, முத்துராஜவெல பக்கம் படகில் போய்ப் பறவை பார்ப்பவர்கள் தில்லை மரத்தைக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும். எந்தப் பாலாவது கண்ணில் பட்டால் வேறு யோசனை வேண்டாம், அந்த இடத்திலேயே போத்தல் தண்ணீரை ஊற்றிப் பதினைந்து இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு நேரே கண் வைத்தியரிடம் போங்கள். கையில் எருக்கம்பால் பட்டதை மறந்து கண்ணைக் கசக்கிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். முதலில் வலி கூட இருக்காது, அதனாலேயே அம்மாமார் பிந்திக் கொண்டுவருவார்கள்.

காலையில் எழும்பும்போது கழுத்திலோ முகத்திலோ சாட்டையால் அடித்தது போல் ஒரு கோடு எரிந்தால், செடியைக் குறை சொல்ல வேண்டாம். இரவில் வெளிச்சத்துக்கு வருகிற ஒரு சின்னச் செம்மஞ்சள்-கறுப்பு வண்டு தோலில் நசுங்கியிருக்கும்.

ஒரு நாள், இரண்டு நாள் கழித்து, கோடு கோடாக வந்தால் உங்களுடையது போல ஒவ்வாமை.

விடுமுறைக்கு யாழ்ப்பாணமோ வவுனியாவோ போவீர்கள் என்றால் பார்த்தீனியத்தைக் கவனியுங்கள். 1990களின் கடைசியில் வவுனியாவில் அடையாளம் காணப்பட்டு வடக்கில் பரவிய களை அது. தொடாமலேயே, காய்ந்த தூளாகக் காற்றில் வந்து இமை, கழுத்து, முழங்கை மடிப்புகளில் பிடிக்கும். அது மாமரக் குடும்பம் இல்லை, உங்களுக்கு வரும் என்று கட்டாயமும் இல்லை. ஆனால் வெறுங்கையால் பிடுங்குவதையும் பூத்து நிற்கும்போது அதற்குள் இறங்கிப் படம் எடுப்பதையும் தவிருங்கள்.

இனிக் காட்டுக்குப் போகலாமா என்ற கேள்விக்கு என் பதில், போங்கள். போதினாகலவின் பச்சைச் சொண்டுச் செண்பகம் உலகத்தில் இலங்கையில் மட்டும்தான் இருக்கிறது. அதைப் பார்க்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள், வெள்ளவத்தையில் இருந்துகொண்டு நீங்கள் ஏன் விட வேண்டும்? பையில் இரண்டு மூன்று பொருள் கூடுதலாகப் போனால் போதும்.

பால் தோலுக்குள் இறங்க அதிக நேரம் எடுக்காது. முதல் பத்து நிமிடம்தான் தங்கம். அரை மணித்தியாலம் போனால் கழுவி எடுக்கக்கூடியது மிகக் கொஞ்சம். ஆகவே வாகனத்துக்குத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டாம். ஒரு சின்னப் போத்தலில் பாத்திரம் கழுவும் திரவம், ஒரு பழைய துணித்துண்டு, ஒரு லீட்டர் தண்ணீர், இவ்வளவும் உங்கள் பையில் இருக்கட்டும். கிளை முறிந்து கையில் ஈரம் பட்டதும் நின்று, திரவத்தைப் போட்டு, துணியால் அழுத்தித் துடைத்துத் துடைத்துக் கழுவுங்கள். வெறும் கையால் தடவினால் எண்ணெய் இடம் மாறும், போகாது. சைக்கிள் செயினில் பட்ட கிரீசைக் கழுவுகிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். நகக் கண்ணை மறக்காதீர்கள். தண்ணீர் பச்சைத் தண்ணீராகவே இருக்கட்டும். அது முடியும் வரைக்கும் பைனாகுலரைத் தொட வேண்டாம், பறவை எவ்வளவு கிட்ட வந்து உட்கார்ந்தாலும்.

நீளக் கைச் சேட், நீளக் காற்சட்டை, அதன் மேல் அட்டைக் காலுறை. அட்டைக்காக எப்படியும் போடுவீர்கள். ஏற்றத்தில் பிடிக்க ஒரு ஊன்றுகோல் கொண்டுபோங்கள், மரங்களைப் பிடிக்கிற பழக்கம் போய்விடும். உள்ளூர் வழிகாட்டி யாராவது வந்தால் முதலில் 'பதுள்ள' எது என்று காட்டச் சொல்லுங்கள். தடித்த பெரிய இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும், முறிந்த காம்பிலும் பட்டையிலும் தார் ஒழுகியது போல் கறுப்புத் தடம் இருக்கும். அந்தக் கறுப்பு எந்த மரத்தில் தெரிந்தாலும் கை வைக்காதீர்கள். முகாம் போடுகிறவர்கள் அதன் விறகை எரிக்கவே கூடாது. புகையோடு எண்ணெய் நுரையீரலுக்குப் போகும்.

மாம்பழம் சாப்பிடலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள் என்று தெரியும். சாப்பிடலாம். வேறு யாராவது கழுவி, தோல் சீவி, கையையும் கத்தியையும் கழுவிய பிறகு துண்டாக வெட்டித் தரட்டும். தோலோடு கடிப்பதையும் காம்புப் பக்கத்தையும் விட்டுவிடுங்கள். வறுத்த கஜு பிரச்சினை இல்லை, பச்சைக் கஜுவை ஓட்டோடு உடைக்கிற வேலையை மட்டும் கையில் எடுக்காதீர்கள், அந்த ஓட்டின் எண்ணெய் பதுள்ளவுக்குச் சளைத்தது இல்லை. வீட்டில் மாம்பாலைக் கையில் தொட்டுப் பரிசோதித்துப் பார்க்கவும் வேண்டாம்.

முகம் வீங்கி இமை மூடிக்கொண்டால், மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தால், வாய்க்குள்ளோ மறைவிடங்களிலோ வந்தால், காய்ச்சலோடு புண் சீழ் பிடித்தால், பாமசிக்குப் போகாமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சுப் பிரச்சினைக்கு 1990 என்ற இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள். பிள்ளைக்கு என்றால் பொரளை சிறுவர் வைத்தியசாலை.

அடுத்த ஞாயிறு தலங்கம போவதாக இருந்தால் சனிக்கிழமை காலையே வாரைக் கழுவிக் காயப் போடுங்கள், இந்த மழைக்கு ஒரு பகல் முழுக்க வேண்டும் அது காய.